11-ஆம் வகுப்பில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது: அறிவியல், கணிதத்தில் பள்ளிக்கு வெளியே இனி எதைத் தொடங்கலாம்?

கேள்வி: மாணவியின் தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் சாட்ஸ்வொர்த்தில் ஓர் அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்புப் படிக்கிறாள். கணிதத்திலும் இயற்பியலிலும் தொடர்ந்து 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்குகிறாள். மேட்ரிக் (12-ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) முடித்த பின் முழு உதவித்தொகையுடன் அமெரிக்காவில் கணிதமோ பொறியியலோ படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குச் சில ஆண்டுகளாகவே இருந்து வந்தது. ஆனால் அங்குள்ள கல்லூரிகள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை என்பதும், பள்ளிக்கு வெளியே மாணவர் என்ன செய்தார் என்பதையும் கேட்கின்றன என்பதும் சென்ற மாதம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவளுடைய பள்ளியில் அறிவியல் மன்றம் கிடையாது. கணிதப் போட்டிகளுக்குப் பள்ளி பெயர் கொடுத்ததும் இல்லை.

இப்போது ஆகஸ்டு நடக்கிறது. ஒரு முகவரை அணுகினோம். டாலரில் பெருந்தொகை கட்டினால் இணையவழியில் "ஆராய்ச்சிப் பயிற்சி" அளித்து, இறுதியில் சான்றிதழும் கட்டுரை வெளியீடும் பெற்றுத் தருவதாகச் சொன்னார். அந்தத் தொகை எங்கள் வீட்டில் ஓர் ஆண்டுச் செலவுக்கு ஒப்பானது. கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா என்று என் கணவர் யோசிக்கிறார்.

மகளுக்குப் பிற்பகல்களில் கிடைக்கும் நேரமும் குறைவு. அவளுடைய ஆயா (பாட்டி) எங்களுடன் இருக்கிறார். நானும் கணவரும் வேலையிலிருந்து திரும்பும் வரை அவரைக் கவனித்துக்கொள்வது அவள்தான். சனிக்கிழமைகளில் நான் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தும்போது, வகுப்பு முடிந்த சிறுவர்களுக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். மற்றபடி சொல்லும்படியாக எதுவும் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது, மழை விட்ட பிறகும் உம்லதுசானா ஆற்றில் நீர் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டு எங்களைத் துளைத்தெடுத்தாள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

காலம் கடந்துவிட்டதா? கடக்கவில்லை என்றால் எங்கே தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஃபீனிக்ஸ்

அம்மா, முதலில் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். கடன் வாங்கி ஒருபோதும் கட்ட வேண்டாம்.

தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாட் 1966 முதல் நடந்துவருகிறது. இந்த ஆண்டுக்கான சுற்றுகள் போய்விட்டன என்பது உண்மைதான். ஆனால் முதல் சுற்று ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு மாதத்தில் வருகிறது, 10 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ளவர்கள் மூத்தோர் பிரிவில் எழுதலாம். ஆகவே உங்கள் மகளுக்கு மேட்ரிக் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வாய்ப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. பெயரைப் பள்ளியின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், இந்தப் பருவத்திலேயே கணித ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அவர் மறுப்பது பெரும்பாலும் வேலைப்பளுவினால்தான்; ஆர்வமில்லாமல் மறுப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பெயர்ப் பட்டியல் தயாரிப்பது, பழைய வினாத்தாள்களைப் படியெடுப்பது போன்ற வேலைகளை மகளும் தோழிகளும் தாங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் அவர் இணங்க வாய்ப்புண்டு.

ஏழு மாதத்தில் தயாராக முடியுமா என்று கேட்பீர்கள். இந்தப் போட்டிக்குப் பாடத்திட்டத்தைத் தாண்டிய சூத்திரங்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. ஒரே கணக்கோடு நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் பழக்கம்தான் தேவை. ஒரு பழைய கணக்கை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்: 1 முதல் 100 வரையுள்ள எண்களிலிருந்து 51 எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தாலும், அவற்றுள் ஏதாவது ஓர் எண் மற்றோர் எண்ணை மீதியின்றி வகுக்கும் என்று நிறுவுக. கணிப்பான் இதற்கு உதவாது. ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் இறுதியில் ஓர் ஒற்றைப்படை எண் நிற்கும். 100-க்குள் இருக்கும் ஒற்றைப்படை எண்களோ 50 மட்டுமே. 51 எண்களை எடுத்தால் இரண்டு எண்களுக்காவது அந்த ஒற்றைப்படைப் பகுதி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவ்விரண்டில் சிறியது பெரியதை வகுத்துவிடும். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும், ஆனால் தானே கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடிக்கலாம். அந்த இரண்டு நாளையும் சலிக்காமல் கழிக்கிறாளா என்று பாருங்கள். கழிக்கிறாள் என்றால், மார்ச்சில் அவள் எத்தனையாவது சுற்று வரை போகிறாள் என்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

இன்னொன்று. சனிக்கிழமை கணக்கு வகுப்பைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பாடக்கணக்கு முடிந்ததும் ஒரு மணி நேரம் இப்படிப்பட்ட புதிர்க்கணக்குகளைச் சிறுவர்களோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கணக்கில் எங்கே தடுமாறினார்கள், அதை வேறு எப்படி விளக்கினாள் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கட்டும். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை ஆழமாக்குவதற்குக் காலதாமதம் என்பதே கிடையாது.

மறுமொழி: அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெற்றவர், ஜொகன்னஸ்பர்க்

அக்கா, நான் லெனேசியாவில் ஓர் அரசுப் பள்ளியில் படித்து, மேட்ரிக் முடித்து ஓராண்டு கழித்து அமெரிக்கா சென்றவன். என் கருத்தில் உங்கள் மகளுக்கு உண்மையான சிக்கல் நாட்காட்டியில்தான் இருக்கிறது, ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

அங்குள்ள கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள்; வழக்கமான விண்ணப்பத்துக்குச் சனவரித் தொடக்கம். நவம்பர் 1 என்பது நம் பிள்ளைகள் மேட்ரிக் தேர்வின் நடுவே இருக்கும் நாள். ஆகவே சனவரியை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த பின் கட்டுரைகளைத் திருத்துவதற்குச் சில வாரங்கள் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் இன்றிலிருந்து ஏறக்குறைய 16 மாதங்கள் இருக்கின்றன. அவற்றுள் மேட்ரிக் ஆண்டின் ஜூலைக்குப் பிந்தையதைப் படிப்புக்கே விட்டுவிட்டால், சுமார் 11 மாதங்கள் எஞ்சும். அதிலும் இடைவெளியில்லாமல் தொடர்ந்து கிடைக்கும் காலம் இந்த டிசம்பர் விடுமுறை ஒன்றுதான்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கோடைக் கணித முகாம்களைப் பற்றி யாராவது சொல்லி வருத்தப்படுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். 1957-இல் தொடங்கிய ராஸ் முகாமும் 1989-இல் தொடங்கிய ப்ராமிஸ் முகாமும் சிறந்தவைதான். ஆனால் அவை வடகோளத்துக் கோடையில் ஆறு வாரம் நடக்கும், நமக்கோ ஜூன், ஜூலையில் குளிர்கால விடுமுறையாக மூன்று வாரம் போலத்தான் கிடைக்கும். மேட்ரிக் ஆண்டில் அதற்காகப் பள்ளியை விட்டுப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது விண்ணப்பப் படிவம். பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் காமன் ஆப் படிவத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகளுக்கே அனுமதி. பத்தையும் நிரப்பியாக வேண்டும் என்ற விதி இல்லை. எம்.ஐ.டி.-க்கு (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தனிப் படிவம் உண்டு. அதில் நான்கு இடங்கள் மட்டுமே. நான்கு இடம் என்றாலே அவர்கள் எண்ணிக்கையைத் தேடவில்லை என்பது விளங்கும். காமன் ஆப் படிவத்தில் "குடும்பப் பொறுப்புகள்" என்றே ஒரு வகை இருக்கிறது. ஆயாவைப் பார்த்துக்கொள்வதை நீங்கள் நேரத்தைத் தின்னும் ஒன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடு அங்கே எழுத வேண்டும். படிப்பவர்கள் அவளுடைய மற்ற நேரத்தை அளப்பதே அதை வைத்துத்தான். நான் என் தந்தையின் காய்கறிக் கடையில் நின்ற நேரத்தை எழுதத் தயங்கினேன், இறுதியில் எழுதினேன், இன்றைக்கும் அதற்காக மகிழ்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு மாணவருடைய பணத்தேவையைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுசெய்யும் கல்லூரிகள் மிகச் சிலவே. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை எல்லாமே நுழைவதற்கு மிகக் கடினமானவை. ஆகவே உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும்.

11 மாதம் போதவில்லை என்று மேட்ரிக் முடியும்போது தோன்றினால், ஓராண்டு பொறுத்து விண்ணப்பிக்கலாம். நம் பள்ளியாண்டு டிசம்பரில் முடிகிறது, அவர்களுடையது ஆகஸ்டு இறுதியில் தொடங்குகிறது. இடைவெளி எப்படியும் எட்டு ஒன்பது மாதம் இருக்கத்தான் போகிறது. நான் அந்த இடைவெளியை நீட்டித்துக்கொண்டேன். உறவினர்கள் பேசினார்கள், அம்மா அழுதார். ஆனால் மேட்ரிக் மதிப்பெண்ணும் கையில் இருந்தது, செய்யவேண்டியதைச் செய்து முடிக்க நேரமும் இருந்தது.

மறுமொழி: நீர் ஆய்வகப் பணியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, இதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் மழை விட்ட பிறகும் ஆறு ஏன் ஏறுகிறது என்று உங்கள் மகள் கேட்டதைப் படித்த பின் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது நீரியல் படிப்பவர்கள் முதலாண்டில் கேட்கும் கேள்வி. மேட்டில் பெய்த மழை சரிவுகளிலும் வடிகால்களிலும் கிளையோடைகளிலும் ஓடி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வந்து சேர நேரம் ஆகிறது. மண் ஏற்கெனவே ஊறியிருந்தாலோ, நிலம் சிமென்டால் மூடப்பட்டிருந்தாலோ அந்த நேரம் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்குகிறது என்பதை எண்களைக் கொண்டு பார்க்கலாம். நம் நாட்டு நீர்வளத் துறை பல ஆறுகளின் அளவீட்டு நிலையங்களில் பதிவான நீரோட்டத் தரவுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. குவாசுலு-நட்டாலில் ஓர் ஆற்றை எடுத்து, மழை உச்சத்துக்கும் நீரோட்ட உச்சத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பத்து இருபது மழைகளுக்குக் கணக்கிட்டு வரைந்து பார்ப்பது, ஒரு கணினியும் டிசம்பர் விடுமுறையும் இருந்தால் முடிகிற வேலை. ஆயாவின் பக்கத்தில் இருந்துகொண்டே செய்யலாம்.

வெளியே இறங்கிச் செய்ய விரும்பினால் மினிசாஸ் என்ற முறை இருக்கிறது. ஓடையின் ஆரோக்கியத்தை அதில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு அளக்கப் பொதுமக்களுக்கென்றே நம் நாட்டில் உருவாக்கப்பட்ட முறை அது. ஒரு சிறு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். சிற்றுயிர்கள் 13 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மாசைத் தாங்காத உயிருக்கு அதிக மதிப்பெண்ணும் எந்த அழுக்கிலும் பிழைக்கும் உயிருக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தரப்பட்டிருக்கின்றன. ஸ்டோன்ஃப்ளை பூச்சியின் இளம்பருவத்துக்கு 17, புழுவுக்கு 2. கண்ட தொகுதிகளின் மதிப்பெண்களைக் கூட்டி, தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓடையின் மதிப்பெண் கிடைக்கும்.

கணிதம் விரும்பும் பிள்ளைக்கு இங்கேதான் விருந்து இருக்கிறது. ஓரிடத்தில் நண்டு, தும்பி, வண்டு, நத்தை ஆகிய நான்கும் கிடைத்தன என்று கொள்ளுங்கள்: 6, 6, 5, 4, சராசரி 5.25. வேறோர் இடத்தில் ஸ்டோன்ஃப்ளை, புழு, அட்டை, ஈ வகை ஆகியவை கிடைத்தன: 17, 2, 2, 2, சராசரி 5.75. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான ஓடைகளா? இரண்டாம் இடத்தில் அந்த ஒரே ஒரு ஸ்டோன்ஃப்ளை அன்றைக்கு வலையில் சிக்காமல் போயிருந்தால் சராசரி 2-க்கு விழுந்திருக்கும். அப்படியானால் எத்தனை முறை வலை போட்டால் இந்த மதிப்பெண்ணை நம்பலாம்? பத்து முறை போட்டுக் கிடைத்தவற்றை முறைவாரியாகக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாகக் குலுக்கல் முறையில் எடுத்து, மதிப்பெண் எவ்வளவு அலைகிறது என்று கணினியில் பார்க்கலாம். எட்டு மாதத்தில் இதை நேர்மையாகச் செய்து முடித்த மாணவி, முகவர் வாங்கித்தரும் கட்டுரையை விட மிக உயர்ந்த ஒன்றைக் கையில் வைத்திருப்பாள். அதை அவள் வாயாலேயே யாருக்கும் விளக்கவும் முடியும். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் எஸ்காம் இளம் விஞ்ஞானிகள் கண்காட்சி வட்டார அளவில் நடக்கும்போது அங்கும் வைக்கலாம். நடுவர்கள் குடைந்து கேட்பார்கள், அது நல்லது.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த் இரண்டு ஆறுகளுக்கு இடையில் இருக்கிறது, ஆனால் நகரத்து ஆறுகளில் சாக்கடை கலப்பது உண்டு. 2022 வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகளும் சேதமடைந்தன. நம் கடலோரப் பகுதியின் ஓடைகளில் பில்ஹார்சியா நோயும் நத்தைகளின் வழியாகப் பரவுகிறது. வெறுங்காலோடு இறங்கக் கூடாது. முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் நீண்ட கையுறையும் அணிய வேண்டும், கரை திரும்பியதும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். மழை பெய்த மறுநாள் போகக் கூடாது. தனியாக அனுப்பவே வேண்டாம். பெரியவர் ஒருவராவது கூட நிற்க வேண்டும். உம்லதுசானாவில் நேரே இறங்குவதை விட, சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்தின் அலுவலர்களிடம் அனுமதியும் ஆலோசனையும் கேட்டு அங்கிருந்து தொடங்குவது நல்லது.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தந்தை, டொங்காட்

மேலே சொன்னவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மூத்த மகனுக்கு நாங்கள் அப்படிப்பட்ட ஒரு கட்டணப் பயிற்சிக்குப் பணம் கட்டினோம். பத்து வாரம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் திரையில் யாரோ பேசினார்கள். இறுதியில் வந்த கட்டுரையில் என் மகன் எழுதிய பத்திகள் இரண்டுதான். ஒரு கல்லூரி நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டபோது அவனால் மூன்று நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை. அன்று இரவு அவன் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. பணம் போனதை விட, தான் செய்யாத ஒன்றைத் தன் பெயரில் சுமந்ததுதான் அவனை வாட்டியது.

இன்னொன்று, உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மதிப்பெண்களைக் கொண்டே இடம் தருகின்றன. 11-ஆம் வகுப்பின் இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் அவை முதலில் தற்காலிக இடம் வழங்கும். ஆகவே அக்டோபர், நவம்பரில் ஒலிம்பியாட், ஆறு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

நான்கு மறுமொழிகளையும் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். என் கணவர் டொங்காட் அண்ணன் எழுதியதை மட்டும் தனியாக இன்னொரு முறை படித்தார். பணம் கட்டுவதில்லை என்று முடிவாகிவிட்டது. உங்கள் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அண்ணா.

மகளுக்கு ஓர் ஐயம் இருக்கிறது. அதை அவள் சார்பில் கேட்கிறேன். ஆகஸ்டில் தொடங்கியதைப் பார்த்தால், விண்ணப்பத்துக்காகவே செய்தாள் என்று படிப்பவர்கள் நினைத்துவிட மாட்டார்களா?

மறுமொழி: அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெற்றவர், ஜொகன்னஸ்பர்க்

நினைக்கக்கூடும். அதை மறைக்க முயல வேண்டாம். தொடங்கிய மாதத்தை உள்ளபடியே எழுதட்டும். 2022-இல் எழுந்த கேள்விக்கு விடை தேடும் வழி இந்த ஆண்டுதான் தெரிந்தது என்பது உண்மைதானே, அதைச் சொல்ல இரண்டு வரி போதும். அவள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: இந்த மாதமே ஓர் அமைப்பைத் தொடங்கி, தன்னைத் தலைவி என்று எழுதிக்கொள்வது. அப்படிப்பட்டவற்றை விண்ணப்பம் படிப்பவர்கள் ஆண்டுதோறும் பார்த்துச் சலித்திருக்கிறார்கள். அவள் செய்ததை நேரில் கண்டு எழுதக்கூடிய ஆசிரியர் ஒருவரை இப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு நோட்டுப் புத்தகத்தை அவ்வப்போது காட்டிவரட்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஃபீனிக்ஸ்

51 எண் கணக்கை அவளிடம் கொடுத்தீர்களா அம்மா? விடையை நானே எழுதிவிட்டது தவறு என்று பிறகு தோன்றியது. அதற்கு ஈடாக இன்னொன்று தருகிறேன், இதற்கு விடை சொல்ல மாட்டேன்: 51-க்குப் பதிலாக 50 எண்களை மட்டும் எடுத்தால், ஒன்றும் மற்றொன்றை வகுக்காதபடி தேர்ந்தெடுக்க முடியுமா? முடியும் என்றால், அப்படி எத்தனை விதமான தேர்வுகள் இருக்கக்கூடும் என்று அவள் மெல்லத் தேடட்டும். முதல் பகுதி எளிது. இரண்டாம் பகுதிக்கு 100-ஐ விட்டுவிட்டு 10, 12 என்று சிறிய எண்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

முதல் பகுதியை இரவு உணவுக்கு முன்பே சொல்லிவிட்டாள், ஐயா: 51 முதல் 100 வரை. இரண்டாவது பகுதிக்காகச் சமையலறை மேசை முழுவதும் தாள்கள் கிடக்கின்றன. ஆயா அவற்றின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார்.

நாளை பள்ளியில் கணித ஆசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். சில்வர்கிளென் காப்பகத்துக்கு என் கணவர் இந்த வாரம் பேசுகிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: வலையின் கண்ணளவு எவ்வளவு இருக்க வேண்டும், அதை வீட்டிலேயே தைத்துக்கொள்ள முடியுமா என்று மகள் கேட்கிறாள்.

மறுமொழி: நீர் ஆய்வகப் பணியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முடியும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கண் போதும். பழைய வலைத்திரைத் துணியைத் தடித்த கம்பி வளையத்தில் தைத்து, துடைப்பக் கழியில் கட்டிக்கொள்ளுங்கள். எல்லா நாளும் அதே வலையையே பயன்படுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் வலை போட்டாள் என்பதையும் குறிக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் எண்களை ஒப்பிட முடியாது. முதல் நாள் போய்வந்த பின் தட்டில் கிடைத்தவற்றைப் படமெடுத்து இங்கே போடுங்கள். இனம் காண்பதில் தொடக்கத்தில் எல்லோருக்கும் தடுமாற்றம் வரும், நான் பார்த்துச் சொல்கிறேன்.